ஆசிரியர் விடுப்பில் இருந்தால் செலவு யாருக்கு? பள்ளிகளுக்கான பணியாளர் விடுப்புக் காப்பீடு: ஒரு விளக்கம்

ஒரு வகுப்பாசிரியை அறுவை சிகிச்சைக்காக மூன்று மாதம் விடுப்பில் செல்கிறார். விடுப்புக் காலத்திலும் அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அவருடைய வகுப்பில் இருக்கும் முப்பது பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த இன்னொருவரையும் அமர்த்த வேண்டும். ஆக, ஒரே வகுப்புக்கு இரண்டு சம்பளம். பெரிய பள்ளி இதைத் தாங்கிக்கொள்ளும். ஏழெட்டு ஆசிரியர்களே உள்ள சிறிய பள்ளிக்கு இது அந்த ஆண்டின் வரவுசெலவையே புரட்டிப் போட்டுவிடும்.

இந்தச் சுமையைச் சமாளிக்க இங்கிலாந்தில் பல பள்ளிகள் ஒரு தனி வகைக் காப்பீடு எடுத்து வருகின்றன. பணியாளர் விடுப்புக் காப்பீடு என்று இதைச் சொல்லலாம். அங்கே ‘ஸ்டாஃப் அப்சன்ஸ் இன்சூரன்ஸ்’ அல்லது ‘சப்ளை இன்சூரன்ஸ்’ என்பார்கள். பிரிட்டனில் குடியேறிய தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பிள்ளைகளை அங்குள்ள பள்ளிகளில் படிக்க வைப்பவர்கள், ஆசிரியராகவோ உதவி ஆசிரியராகவோ பணிபுரிபவர்கள், பள்ளி நிர்வாகக் குழுவில் கவர்னராக அமர்ந்திருப்பவர்கள் ஆகியோருக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். தமிழகத்தில் நம் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் நடத்தும் பள்ளிகளுக்கும் இதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. ஆகவே இந்தக் காப்பீடு எப்படி இயங்குகிறது, மார்க்கம் இதை எப்படிப் பார்க்கிறது, இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது எது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

செலவு எங்கிருந்து வருகிறது?

இங்கிலாந்து, வேல்ஸ் ஆசிரியர்களின் பணி நிபந்தனைகளைத் தொகுத்துள்ள ஆவணத்தை ‘பர்கண்டி புக்’ என்று அழைப்பார்கள். கவுன்சில்களின் பராமரிப்பில் உள்ள பள்ளிகள் இதைப் பின்பற்றுகின்றன. அகாடமி பள்ளிகள் பலவும் இதையே ஏற்றுக்கொண்டுள்ளன. அதன்படி நோய் விடுப்புச் சம்பளம் பணிக்காலத்தைப் பொறுத்து உயர்கிறது.

• முதல் ஆண்டு: 25 வேலை நாட்கள் முழுச் சம்பளம். நான்கு மாதப் பணி முடிந்திருந்தால் மேலும் 50 நாட்கள் அரைச் சம்பளம்.
• இரண்டாம் ஆண்டு: 50 நாட்கள் முழுச் சம்பளம், 50 நாட்கள் அரைச் சம்பளம்.
• மூன்றாம் ஆண்டு: 75 நாட்கள் முழுச் சம்பளம், 75 நாட்கள் அரைச் சம்பளம்.
• நான்காம் ஆண்டு முதல்: 100 நாட்கள் முழுச் சம்பளம், 100 நாட்கள் அரைச் சம்பளம்.

முழுநேர ஆசிரியரின் பணியாண்டு 195 நாட்கள். அதில் 190 நாட்கள் பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கும் நாட்கள். அதாவது அனுபவமுள்ள ஓர் ஆசிரியருக்கு ஏறத்தாழ அரை ஆண்டுக்கு முழுச் சம்பளத்துடன் நோய் விடுப்பு உண்டு. நோயுற்றவருக்கு இது நியாயமான பாதுகாப்பு. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பணம் பள்ளியின் பட்ஜெட்டிலிருந்துதான் போகிறது.

மகப்பேறு விடுப்புக்கும் அதே ஆவணத்தில் ஏற்பாடு உண்டு. தகுதியுள்ளவர்களுக்கு முதல் 4 வாரம் முழுச் சம்பளம், அடுத்த 2 வாரம் 90 விழுக்காடு, அதன் பிறகு 12 வாரம் அரைச் சம்பளத்துடன் சட்டப்படியான மகப்பேற்று ஊதியம். அதற்குப் பின் 39 வாரம் முடியும் வரை சட்டப்படியான ஊதியம் மட்டும். இந்தச் சட்டப்படியான பகுதியில் 92 விழுக்காட்டை அரசு முதலாளிக்குத் திருப்பித் தருகிறது; சிறிய நிறுவனங்களுக்கு முழுத் தொகையும் அதற்கு மேல் சிறிது ஈடும் கிடைக்கும். நோய் விடுப்புக்குச் சட்டம் விதித்துள்ள ஊதியத்தில் இப்படித் திரும்பக் கிடைப்பது எதுவும் இல்லை. நீண்ட நோய் விடுப்புதான் பள்ளிகளை அதிகம் அச்சுறுத்துகிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆசிரியர்கள் நோய்வாய்ப்படுவது அரிதான நிகழ்வும் அல்ல. இங்கிலாந்துக் கல்வித்துறையின் பணியாளர் கணக்கெடுப்பின்படி, 2022-23 கல்வியாண்டில் ஏறத்தாழ 66 விழுக்காடு ஆசிரியர்கள் ஒரு முறையாவது நோய் விடுப்பு எடுத்தனர். அப்படி எடுத்தவர்களின் சராசரி 8 நாட்கள்.

பள்ளியின் தலையில் இது விழுந்தது எப்படி?

ஒரு காலத்தில் ஆசிரியர் சம்பளம், மாற்று ஆசிரியர் செலவு எல்லாவற்றையும் உள்ளாட்சி கவுன்சிலே பார்த்துக்கொண்டது. ஒரு பள்ளியில் மூன்று பேர் படுத்துவிட்டாலும் நூற்றுக்கணக்கான பள்ளிகளின் மொத்தக் கணக்கில் அது கரைந்துவிடும். 1988 ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தச் சட்டம் பள்ளிகளுக்குத் தனித்தனி பட்ஜெட்டைக் கையில் கொடுத்தது. பணத்தைத் தாமே செலவிடும் சுதந்திரம் பள்ளிகளுக்குக் கிடைத்தது. கூடவே நோய், மகப்பேறு போன்றவற்றால் வரும் திடீர்ச் செலவும் அவற்றின் பொறுப்பாயிற்று. பல பள்ளிகள் சேர்ந்து சுமந்த சுமை தனித்தனியாகப் பிரிந்தபோது, அதை ஏற்றுக்கொள்ள முன்வந்த காப்பீட்டு நிறுவனங்களுக்குச் சந்தை உருவானது.

இன்னொரு மாற்றம் 2009 செப்டம்பரில் வந்தது. விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக வகுப்பெடுக்குமாறு மற்ற ஆசிரியர்களை ‘அரிதாகவே’ கேட்கலாம் என்று பணி விதி திருத்தப்பட்டது. அதற்கு முன்பு ஓய்வு நேரத்தில் இருக்கும் ஆசிரியரை அனுப்பிச் சமாளித்த பள்ளிகள், வெளியிலிருந்து மாற்று ஆசிரியரை அழைக்க வேண்டியதாயிற்று. அவர்களைத்தான் ‘சப்ளை டீச்சர்’ என்கிறார்கள். பெரும்பாலும் ஏஜென்சிகள் மூலம் வருவதால், ஆசிரியருக்குப் போகும் கூலியுடன் ஏஜென்சியின் கட்டணத்தையும் பள்ளி சேர்த்துக் கொடுக்கிறது.

காப்பீடு எப்படி இயங்குகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்தப் பாலிசி பள்ளியின் பெயரில் இருப்பது. நோயுற்ற ஆசிரியருக்கு இதிலிருந்து ஒரு பைசாவும் நேரடியாகக் கிடைக்காது. அவருடைய சம்பளம் அவருடைய பணி ஒப்பந்தப்படி வருகிறது. காப்பீடு ஈடுகட்டுவது பள்ளிக்கு ஏற்படும் கூடுதல் செலவை மட்டுமே.

பாலிசி எடுக்கும்போது பள்ளி நான்கு விஷயங்களைத் தேர்வு செய்கிறது.

யாரைச் சேர்ப்பது: தலைமையாசிரியர், ஆசிரியர்கள், உதவி ஆசிரியர்கள், அலுவலக ஊழியர்கள் என்று பிரிவு பிரிவாகச் சேர்க்கலாம், விடலாம்.

காத்திருப்பு நாட்கள்: விடுப்பு தொடங்கி எத்தனை வேலை நாட்களுக்குப் பிறகு பணம் வர வேண்டும் என்பது. 3, 5, 10 நாட்கள் என்று வைப்பது வழக்கம். காத்திருப்பு நாட்கள் கூடினால் பிரீமியம் குறையும்.

நாள் தொகை: ஒருவர் வராத ஒவ்வொரு வேலை நாளுக்கும் எவ்வளவு வேண்டும் என்பது.

உச்ச வரம்பு: ஒரே நோய்க்கு அதிகபட்சம் எத்தனை நாட்கள் என்பது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இதிலுள்ள எண்கள் கணக்குப் புரிவதற்காக மட்டும். ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை 60 வேலை நாட்கள் நோய் விடுப்பில் இருக்கிறார். மாற்று ஆசிரியருக்கு நாளொன்றுக்கு 200 பவுண்டு. பள்ளியின் கூடுதல் செலவு 12,000 பவுண்டு. பாலிசியில் காத்திருப்பு 5 நாள், நாள் தொகை 180 பவுண்டு என்றால், 55 நாட்களுக்கு 9,900 பவுண்டு வரும். மீதி 2,100 பவுண்டு பள்ளியின் கையிலிருந்து போகும். அந்த ஆண்டின் பிரீமியம் 6,000 பவுண்டு என்று வைத்துக்கொண்டால், காப்பீட்டால் பள்ளிக்கு 3,900 பவுண்டு மிச்சம். ஆனால் யாரும் நீண்ட விடுப்பு எடுக்காத ஆண்டில் அந்த 6,000 பவுண்டும் போனதுதான். இரண்டு மூன்று நாள் காய்ச்சலுக்கு எடுக்கும் விடுப்புகள் எல்லாம் காத்திருப்பு நாட்களுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் அவற்றுக்கு எதுவும் வராது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பிரீமியத்தை நிர்ணயிக்கும்போது நிறுவனங்கள் கடந்த சில ஆண்டுகளின் கிளைம்களைப் பார்க்கின்றன. ஓராண்டு அதிகம் வாங்கிய பள்ளிக்கு மறு ஆண்டு பிரீமியம் ஏறும். எனவே நீண்ட காலக் கணக்கில் இது செலவை ஒழித்துவிடுவதில்லை. ஓராண்டில் மொத்தமாக விழும் அடியைப் பல ஆண்டுகளுக்குப் பரப்பிக் கொடுக்கிறது. சிறிய பள்ளிக்கு அதுவே பெரிய உதவி. பிரீமியத்தின் மீது 12 விழுக்காடு காப்பீட்டு வரியும் உண்டு. இந்த விகிதம் 2017 ஜூன் முதல் நடைமுறையில் இருக்கிறது.

எவை சேராது?

பாலிசி ஆவணத்தில் பளிச்சென்று தெரியும் முதல் பக்கத்தைவிட விலக்குகள் பற்றிய பக்கமே முக்கியம். கீழ்க்கண்டவை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும்.

• பாலிசி தொடங்கும் நாளில் ஏற்கெனவே விடுப்பில் இருப்பவர்களும், முன்பே இருந்த நோய்களும்.
• மன அழுத்தம், மனச்சோர்வு தொடர்பான விடுப்பு. சிலர் இதற்குக் குறைந்த வரம்பு வைக்கிறார்கள். சிலர் தனிக் கட்டணம் கேட்கிறார்கள்.
• மகப்பேறு. பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டியது. ஒரே தொகையாகத் தருவார்கள். பாலிசி தொடங்கும் முன்பே கருவுற்றிருந்தால் கிடைக்குமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.
• தொற்றுநோய்ப் பரவல். கொரோனாவுக்குப் பிறகு இது பற்றிய வாசகங்கள் இறுக்கமாகியுள்ளன.
• குணமாகிப் படிப்படியாகப் பணிக்குத் திரும்பும் காலம். வாரம் இரண்டு நாள் மட்டும் வேலை செய்பவருக்கு மீதி நாட்களுக்குப் பணம் வருமா என்பது பாலிசியைப் பொறுத்தது.

சில பாலிசிகளுடன் செவிலியர் ஆலோசனை, உளநல ஆலோசனை, பிசியோதெரபி போன்ற சேவைகளும் வருகின்றன. ஆசிரியர்களுக்கு நேரடியாகப் பயன்படும் பகுதி இது ஒன்றுதான். பள்ளி இதை எடுத்திருந்தும் ஊழியர்களுக்குச் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் பயனில்லை.

வேறு வழிகள்

தனியார் காப்பீடு ஒன்றுதான் வழி என்றில்லை. இங்கிலாந்துப் பள்ளிகள் வேறு சில ஏற்பாடுகளையும் பயன்படுத்துகின்றன.

முதலாவது, கவுன்சிலின் பொதுத் தொகுப்பு. கவுன்சில் பராமரிப்பில் உள்ள பள்ளிகள் தங்கள் பட்ஜெட்டிலிருந்து ஒரு பங்கைத் திரும்பக் கொடுத்து, அதைப் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். நீண்ட நோய் விடுப்பு, மகப்பேறு போன்றவற்றுக்கான மாற்று ஆசிரியர் செலவு, இப்படிப் பொதுவில் வைக்க அரசு அனுமதித்துள்ள இனங்களில் ஒன்று. ‘ஸ்கூல்ஸ் ஃபோரம்’ எனப்படும் பள்ளிகளின் பிரதிநிதி மன்றத்தில் ஆரம்பப் பள்ளிகளின் உறுப்பினர்களும் உயர்நிலைப் பள்ளிகளின் உறுப்பினர்களும் தனித்தனியே வாக்களித்து இதை முடிவு செய்கிறார்கள்.

இரண்டாவது, பரஸ்பர நிதி. பள்ளிகள் உறுப்பினர்களாகச் சேர்ந்து பணம் போட்டு, தேவைப்படும் உறுப்பினருக்கு அதிலிருந்து உதவும் அமைப்பு. பங்குதாரர்களுக்கு லாபம் கொடுக்க வேண்டிய கட்டாயம் இதில் இல்லை. மீதமாகும் பணம் உறுப்பினர்களின் நலனுக்கே திரும்புகிறது.

மூன்றாவது, சொந்தச் சேமிப்பு. பிரீமியமாகக் கொடுக்கும் தொகையை ஆண்டுதோறும் தனியாக ஒதுக்கி வைப்பது. பெரிய பள்ளிகளும், பல பள்ளிகளை நடத்தும் அறக்கட்டளைகளும் இப்படிச் செய்ய முடியும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கல்வித்துறை 2014 இல் அகாடமிகளுக்கு ‘ரிஸ்க் புரொடெக்‌ஷன் அரேஞ்ச்மென்ட்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, 2020 ஏப்ரல் முதல் கவுன்சில் பள்ளிகளுக்கும் விரிவாக்கியது. மாணவர் ஒருவருக்கு இவ்வளவு என்று கட்டினால் கட்டட இழப்பு, பொறுப்புடைமை போன்றவற்றை அரசே ஏற்கும். ‘நாங்கள் அரசுத் திட்டத்தில் இருக்கிறோம், எல்லாம் அதில் அடங்கும்’ என்று சில கவர்னர்கள் நினைக்கக்கூடும். ஆசிரியர் விடுப்புச் செலவு அதில் அடங்காது. கட்டணம் வாங்கி நடத்தப்படும் தனியார் பள்ளிகள் அந்தத் திட்டத்தில் சேரவே முடியாது. 1998 இல் லண்டன் பிரென்ட் பகுதியின் இஸ்லாமியா ஆரம்பப் பள்ளி அரசு நிதி பெறும் பள்ளியானது முதல் சில முஸ்லிம் பள்ளிகள் அரசு நிதியில் நடக்கின்றன. ஆனால் பிரிட்டனின் முஸ்லிம் பள்ளிகளில் பெரும்பாலானவை இன்னும் தனியார் பள்ளிகளே. குறைந்த கட்டணம், குறைந்த ஊழியர்கள் என்று நடக்கும் இவற்றுக்குப் பொதுத் தொகுப்பின் நிழலும் இல்லை.

மார்க்கத்தின் பார்வை

வணிகக் காப்பீட்டைப் பற்றி அறிஞர்கள் எழுப்பும் ஆட்சேபங்கள் மூன்று. கொடுப்பதற்கு ஈடாக என்ன கிடைக்கும், கிடைக்குமா என்பதே தெரியாத நிச்சயமின்மை (கரர்), சூதின் சாயல் (மைஸிர்), நிறுவனம் பணத்தை வட்டியில் முதலீடு செய்வது. ஓ.ஐ.சி.யின் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடியபோது, நிலையான பிரீமியம் கொண்ட வணிகக் காப்பீட்டு ஒப்பந்தம் கூடாது என்றும், நன்கொடை அடிப்படையில் அமைந்த கூட்டுறவுக் காப்பீடே அதற்கு மாற்று என்றும் தீர்மானித்தது. முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்ற சில அறிஞர்கள் காப்பீட்டை அனுமதித்து எழுதியுள்ளனர். அதனால் கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சட்டம் கட்டாயப்படுத்தும் காப்பீட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கே முக்கியம். பிரிட்டனில் ஊழியர்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு முதலாளி பொறுப்புக் காப்பீடு 1969 ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுவாகக் கட்டாயம்; வாகனக் காப்பீடும் அப்படியே. நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் அறிஞர்கள் அவற்றுக்கு இடம் தருகிறார்கள். விடுப்புக் காப்பீட்டை எந்தச் சட்டமும் கட்டாயமாக்கவில்லை. எடுப்பதும் விடுவதும் பள்ளியின் விருப்பம். ஆகவே நாமே நடத்தும் பள்ளிக்கு ‘வேறு வழியில்லை’ என்று சொல்லும் முன், பொதுத் தொகுப்பு, பரஸ்பர நிதி, சொந்தச் சேமிப்பு மூன்றையும் பார்த்துவிட்டோமா என்று கேட்டுக்கொள்வது கடமை.

கூட்டாகச் சுமப்பது நமக்குப் புதிதல்ல. போர்ப் பயணத்திலோ மதீனாவிலோ உணவு குறைந்துபோனால், அஷ்அரீ குலத்தார் தம்மிடம் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வார்கள் என்றும், அதனால் நபி (ஸல்) அவர்கள் அவர்களைத் தம்மைச் சேர்ந்தவர்களாகச் சொல்லிச் சிறப்பித்தார்கள் என்றும் அபூ மூஸா (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தவறுதலாக நடந்த கொலைக்கான இழப்பீட்டை ஒருவரே சுமக்காமல் அவருடைய குலத்தார் பகிர்ந்து சுமக்கும் ‘ஆகிலா’ முறையும் ஃபிக்ஹில் உண்டு. நன்மையிலும் இறையச்சத்திலும் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளுமாறு அல்மாயிதா அத்தியாயத்தின் 2 ஆம் வசனம் கட்டளையிடுகிறது. தகாஃபுல் என்று இன்று அழைக்கப்படும் ஏற்பாடு இந்த அடிப்படைகளில் எழுந்ததே. 1979 இல் சூடானில் முதல் நிறுவனம் தொடங்கியது. மலேசியா 1984 இல் இதற்கெனச் சட்டம் இயற்றியது. இலங்கையில் 1999 இல் அமானா தகாஃபுல் தொடங்கப்பட்டது.

கவுன்சில்களின் பொதுத் தொகுப்பு ஷரீஅத்தை மனத்தில் வைத்து உருவாக்கப்பட்டதல்ல. இருந்தாலும் எல்லோரும் போட்டு, தேவைப்பட்டவர் எடுத்து, மீதி எல்லோருக்கும் என்ற அதன் அமைப்பு வணிகக் காப்பீட்டைவிடத் தகாஃபுலுக்கு நெருக்கமானது. குழுவில் இருக்கும் ஒரு முஸ்லிம் கவர்னர் தனியாக எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் ‘கவுன்சிலின் தொகுப்பில் சேர முடியுமா, செலவு எவ்வளவு?’ என்று கூட்டத்தில் கேட்க முடியும். பள்ளிக்கு மலிவாக முடிந்தாலும் முடியும். குறிப்பிட்ட பாலிசி ஒன்றைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பை, அதன் ஆவணத்தைக் காட்டி, நம்பகமான ஆலிமிடம் கேட்டுப் பெறுவதே முறை.

ஒளிவுமறைவின்மையும் அமானிதமும்

2015 ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டப்படி, பிரிட்டனில் பாலிசி எடுக்கும் நிறுவனம் தெரிந்த முக்கிய விவரங்களை நேர்மையாக முன்வைக்க வேண்டும். யார் நீண்ட விடுப்பில் இருக்கிறார், யாருக்கு அறுவை சிகிச்சை தேதி குறிக்கப்பட்டுள்ளது என்பதை மறைத்து பாலிசி எடுத்தால், பிறகு கிளைம் மறுக்கப்படலாம். விற்கும் பொருளின் குறையை மறைப்பது மோசடி என்று கற்றுக்கொடுக்கப்பட்ட சமுதாயத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அதே நேரம் ஊழியரின் உடல்நல விவரம் ஓர் அமானிதம். தகவல் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தனிப் பாதுகாப்புக்குரிய விவரமாக வைத்திருக்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தேவையானதைத் தேவையான அளவுக்குக் கொடுக்கலாம். அது ஆசிரியர் அறையின் பேச்சாகவோ, பெற்றோரின் வாட்ஸ்அப் செய்தியாகவோ ஆகக் கூடாது. பாலிசி செலவைக் குறைப்பதற்காக வேலைக்கு வருபவரிடம் முன்கூட்டியே நோய்களைப் பற்றி விசாரிப்பதையும் 2010 ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், சில விதிவிலக்குகள் தவிர, தடுக்கிறது. கருவுற்றிருப்பதால் ஒரு பெண்ணை ஒதுக்குவது சட்டப்படியும் குற்றச்சாட்டுக்கு உரியது, மார்க்கப்படியும் அநீதி.

நம் ஊர்ப் பள்ளிகளுக்கு

தமிழகத்தில் நம் சமுதாயம் நடத்தும் தனியார் பள்ளிகளில் ஆசிரியைகளே அதிகம். பிரசவ விடுப்பு வந்தால் நிர்வாகத்துக்குத் தோன்றும் முதல் எண்ணம் ‘இரண்டு சம்பளம் எப்படிக் கொடுப்பது?’ என்பதுதான். அந்தப் பயத்தின் விலையை ஆசிரியையே கொடுக்கும் இடங்கள் உண்டு. ராஜினாமா செய்துவிட்டுப் பிறகு வரச் சொல்வது, சம்பளமில்லாத விடுப்பு கொடுப்பது, புதிதாகத் திருமணமானவரை வேலைக்கு எடுக்கத் தயங்குவது என்று அது பல வடிவம் எடுக்கிறது.

2017 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமும், இரண்டு குழந்தைகள் உள்ளவருக்கு அடுத்த பிரசவத்தில் 12 வாரமும் சம்பளத்துடன் மகப்பேறு விடுப்பு உண்டு. இஎஸ்ஐ இல்லாத இடத்தில் இந்தச் சம்பளத்தை நிர்வாகமே முழுதாகக் கொடுக்க வேண்டும். இஎஸ்ஐ இருந்தால் நிலைமை மாறுகிறது.

பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் பெறுபவர்களுக்கு இஎஸ்ஐ பொருந்தும். தமிழக அரசின் 2010 ஆம் ஆண்டு அறிவிக்கை தனியார் கல்வி நிறுவனங்களையும் இதன் கீழ் கொண்டுவந்தது. நிர்வாகத்தின் பங்கு சம்பளத்தில் 3.25 விழுக்காடு, ஊழியரின் பங்கு 0.75 விழுக்காடு. தேவையான சந்தா நாட்கள் இருந்தால், 26 வார மகப்பேற்றுத் தொகையை முழுச் சம்பள அளவில் இஎஸ்ஐ கழகமே ஆசிரியைக்குத் தருகிறது. நோய் விடுப்புக்கு ஆண்டில் 91 நாட்கள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு கிடைக்கும். அந்தக் காலத்தில் பள்ளி ஆசிரியைக்குக் கொடுக்க வேண்டியிருந்த சம்பளம் பள்ளியின் கையில் நிற்கிறது. அதைக்கொண்டு மாற்று ஆசிரியை ஒருவரை அமர்த்தலாம். இங்கிலாந்தில் தனிக் காப்பீடு வாங்கித் தீர்க்கும் சிக்கலில் பெரும்பகுதி இங்கே சமூகக் காப்பீட்டால் தீர்ந்துவிடுகிறது. 3.25 விழுக்காட்டை மிச்சப்படுத்துவதாக நினைத்து ஊழியர்களைப் பதிவு செய்யாமல் விடும் நிர்வாகம், சட்டத்தையும் மீறுகிறது, ஆசிரியையின் உரிமையையும் பறிக்கிறது, தன் சுமையையும் கூட்டிக்கொள்கிறது.

21,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெறுபவர்களுக்கும், இஎஸ்ஐ வரம்புக்குள் வராத சிறிய பள்ளிகளுக்கும் ஒரு கூட்டு நிதி உதவும். ஒரு மாவட்டத்தில் 10 பள்ளிகள், பள்ளிக்கு 25 ஆசிரியர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒருவருக்கு மாதம் 100 ரூபாய் வீதம் நிர்வாகங்கள் போட்டால் மாதம் 25,000, ஆண்டுக்கு 3,00,000 ரூபாய் சேரும். மாற்று ஆசிரியைக்கு மாதம் 12,000 ரூபாய் என்றால், அது 25 மாதச் சம்பளம். ஆறு மாத மகப்பேறு விடுப்புகள் நான்கை அந்த ஒரே தொகை தாங்கும்.

இதில் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. ‘இவ்வளவு கட்டினால் இவ்வளவு தருவோம்’ என்று உறுதி எழுதிக் கொடுத்தால் அது காப்பீட்டுத் தொழிலாகிவிடும். அதற்கு உரிமம் வேண்டும். எனவே நன்கொடையாகப் போட்டு, நிர்வாகக் குழு தேவையைப் பார்த்து உதவும் அறக்கட்டளை வடிவமே பொருத்தம். தொடங்கும் முன் வழக்கறிஞரிடமும் கணக்காயரிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். ஜகாத் பணத்தை இதில் கலக்கக் கூடாது. அதைப் பெறத் தகுதியானவர்களைக் குர்ஆனே வரையறுத்துவிட்டது. பணம் வட்டியில்லாக் கணக்கில் இருக்கட்டும். ஆண்டுக் கணக்கு எல்லா உறுப்பினர் பள்ளிகளுக்கும் போய்ச் சேரட்டும்.

நிர்வாகக் குழு கேட்க வேண்டிய கேள்விகள்

லண்டனானாலும் காயல்பட்டினமானாலும், கூட்டத்தில் இவற்றைக் கேட்டுப் பதில் பெறுவது நல்லது.

1. கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை நாட்கள் ஆசிரியர் விடுப்பு, அதற்கு மாற்று ஆசிரியர் செலவு எவ்வளவு?
2. அதே காலத்தில் கட்டிய பிரீமியம் எவ்வளவு, திரும்ப வந்தது எவ்வளவு?
3. காத்திருப்பு நாட்களைக் கூட்டினால் பிரீமியம் எவ்வளவு குறையும்?
4. மகப்பேறும் மன அழுத்தமும் சேர்ந்திருக்கின்றனவா?
5. பொதுத் தொகுப்பு, பரஸ்பர நிதி போன்ற மாற்று வழிகளை விலை ஒப்பிட்டுப் பார்த்தோமா?
6. கிளைம் எழுதி அனுப்புவது யார் பொறுப்பு? குறித்த காலத்துக்குள் அனுப்பப்படுகிறதா?
7. சட்டப்படி பதிவு செய்ய வேண்டிய எல்லா ஊழியர்களும் பதிவு செய்யப்பட்டிருக்கிறார்களா?

நோயும் பிரசவமும் அல்லாஹ்வின் ஏற்பாட்டில் வருபவை. அவை வரும்போது ஓர் ஆசிரியை, தன்னால் பள்ளிக்கு நஷ்டம் என்ற கூச்சத்துடன் படுக்கையில் கிடக்கக் கூடாது. அவருடைய வகுப்புப் பிள்ளைகளின் படிப்பும் நின்றுவிடக் கூடாது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு இறைவன் மீது பொறுப்புச் சாட்டச் சொன்ன மார்க்கம் இது. முன்னதாகத் திட்டமிட்டு, ஆகுமான வழியில் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் நிர்வாகங்களாக நம் நிர்வாகங்களை அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.